மாமா தூக்கியெறிந்த ரோத்தான்

சிங்கப்பூரில் எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டில் சட்டம், நீதி, காவல் மூன்றும் குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் செருகிக் கிடந்தன. ரோத்தான் என்போம், சிவப்புப் பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த மெல்லிய பிரம்பு. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருந்த மளிகைக் கடையில் துடைப்பங்களுக்குப் பக்கத்தில் கட்டுக் கட்டாக நிற்கும். அம்மா வெளியே போகும் நேரம் பார்த்து நானும் அண்ணனும் அதைச் சமையலறைக் குப்பைக் குழாயில் போட்டுவிடுவோம். அத்தனை மாடியையும் கடந்து அது தடதடவென்று இறங்கும் சத்தம் இருக்கிறதே, காதுக்கு அவ்வளவு இனிமை. மறுநாளே புதுசு வந்துவிடும். எங்களைப் பார்த்தாலே கடைக்காரருக்கு முகமெல்லாம் பல். எங்களால் அவருக்கு நல்ல வியாபாரம்.

இந்த ஆட்சியைக் கவிழ்க்கத்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் ஒரே தம்பி. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தார். மனிதன் மனிதனை ஏன் அடிக்கிறான் என்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்கு அக்கா கைச் சாப்பாடு மிகவும் அவசியம் என்று எங்கள் அறையிலேயே மெத்தையைப் போட்டுக்கொண்டார். அப்பா இதில் எந்தக் கட்சியும் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து தூங்குவார்.

"அடிக்கிற புத்தி பொறப்புல வர்றதில்லக்கா. மேல இருக்கறவன் கீழ இருக்கறவன அடிக்கிறான். ராஜா அடிச்சான், அப்புறம் துரை அடிச்சான், வாத்தியார் அடிச்சார். இப்ப நீ அடிக்கிற. எல்லாம் ஹிஸ்டரி."

"ஹிஸ்டரி அப்புறம் பேசலாம். இந்த வெங்காயத்த உரி," என்பார் அம்மா.

விடாமல் நச்சரித்து, கடைசியில் மாமா சம்மதம் வாங்கிவிட்டார். இனி அடி கிடையாது, உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். நானும் அண்ணனும் கட்டில்மேல் ஏறிக் குதித்தோம்.

அந்தச் சனிக்கிழமையே டிவி ரிமோட்டுக்காக நான் அண்ணன் கையைக் கடித்து வைத்தேன். அவன் ஊரைக் கூட்டினான். மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி எங்களை ஹாலில் உட்காரவைத்து, கற்காலத்தில் ஆரம்பித்தார். வேட்டை, நிலம், எல்லை, படை. நான் கடித்தது ரிமோட்டுக்காக இல்லையாம், அதிகாரத்துக்காகவாம். எதிரே டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கார்ட்டூன் முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. மாமா அப்போதுதான் சக்கரவர்த்திகளிடம் வந்திருந்தார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து ஓடினான், ரோத்தானை உருவி வந்து அம்மா கையில் கொடுத்தான்.

"அம்மா, ப்ளீஸ் லா! ரெண்டு அடி போட்டு விட்ருங்க. மாமா இன்னும் வெள்ளக்காரன்கிட்டயே வரல!"

கடிபட்டவன் அவன். அவனேதான் அடியும் கேட்டான்.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தியாடா? புள்ளைங்களே கேக்குதுங்க."

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்மாவின் பின்னாலேயே சமையலறைக்குள் போனார். "நம்ம வீட்டுல அடியே இல்லையேக்கா! அப்பா என்மேல ஒரு விரல் வச்சிருப்பாரா? நான் என்ன கெட்டா போயிட்டேன்? ஆராய்ச்சியோட மொத பக்கத்துலயே இதத்தான் எழுதப் போறேன்." அவர் சொன்ன அப்பா எங்கள் தாத்தா, நாங்கள் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவர்.

அம்மா சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "உன்ன எங்கடா அடிச்சாரு? நீ ரேடியோவ ஒடச்சப்ப, தம்பியப் பாத்துக்காம என்னடி பண்ணுனேன்னு எனக்குல்ல விழுந்துச்சு. ஸ்கூலுக்குப் போகாம நீ ஊர் சுத்துனப்பவும் எனக்குத்தான். நீ பாட்டுக்குத் தூங்கிட்டிருப்ப." சொல்லிவிட்டுச் சப்பாத்தியைத் திருப்பிப் போட்டார்.

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எங்கள் அறைக்குப் போய் மெத்தையில் சுருண்டு படுத்தார். வாதத்தில் தோற்றுவிட்டார் பாவம், இனி நம் பாடு ரோத்தானோடுதான் என்று எனக்குத் துக்கமாக வந்தது.

மறுநாள் காலையில் ரோத்தானைக் காணோம். அம்மா கரண்டியும் கையுமாக எங்கள் இருவரையும் சுவரோரம் நிறுத்தினார்.

"சத்தியமா நாங்க இல்லம்மா!"

அந்த வீட்டில் நாங்கள் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். யார் நம்புவார்கள்?

குளியலறையிலிருந்து மாமா வாய் நிறையப் பற்பசை நுரையோடு வெளியே வந்தார். "புள்ளைங்கள விடுக்கா. நான்தான் தூக்கிப் போட்டேன்." பள்ளிக்கூடப் பையன்போல உள்ளங்கையை நீட்டினார். "இப்பவாச்சும் என்னைய அடி."

அம்மா கரண்டியை ஓங்கினார். நானும் அண்ணனும் ஆசையாய் இரண்டடி முன்னால் வந்தோம். ஒரு பெரியவர் அடி வாங்கி நாங்கள் பார்த்ததே இல்லை. கரண்டி மேலேயே நின்றது. பிறகு அதைப் பாத்திரத் தொட்டியில் போட்டுவிட்டு, "போடா லூசு, வாயக் கழுவு," என்றார் அம்மா. சொன்னவர் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார். நுரையோடு மாமாவும் அழுதார்.

எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "யாருக்கு வலிக்குது?" என்று அண்ணன் என் காதில் கேட்டான். எனக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்கு ரோத்தான் வரவே இல்லை. கடையில் தீர்ந்து போயிருக்கும் என்று பேசிக்கொண்டோம். முட்டை வாங்கக் கீழே போனபோது பார்த்தால், துடைப்பங்களுக்குப் பக்கத்தில் கட்டு அப்படியே இருந்தது.

"என்ன பாப்பா, அம்மா இப்பல்லாம் ரோத்தான் வாங்க வர்றதே இல்ல?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நாங்க ரொம்ப நல்ல புள்ளைங்களாயிட்டோம் அங்கிள்," என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, முட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.