ஜெயாக்கா பார்த்துவிட்ட ஷட்டில்

டாக்குரியா ரயில் நிலையத்தின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. ஜெயாக்காவின் மகன் கார்த்திக். தமிழ் அவனுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். "ஆன்ட்டி, அம்மா ஷொகாலே போயிட்டா" என்றான். காலையில் என்பதற்கு வங்காளச் சொல்தான் அவன் வாயில் வந்தது. நான் அசட்டுத்தனமாக, "எங்கேப்பா?" என்று கேட்டேன். அவன் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

கிடர்பூரில் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் எனக்கு அடுத்த மேஜை ஜெயாக்காவுடையது. என்னைவிட மூன்று வயது மூத்தவர். அங்கே அவரோடு வேலை பார்த்து, இன்று அவர் நினைவாகக் கூடியிருக்கும் உங்களுக்கு அவருடைய கண்டிப்பு தெரியும். ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தாலும் கோப்பு திரும்பி வந்துவிடும். ஆனால் விடுமுறை நாட்களில் அவர் பேட்மிண்டன் போட்டிகளில் கோட்டு நடுவராக உட்காருவார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. "ஷட்டில் உள்ளே விழுந்தா கோட்டைக் காட்டணும். வெளியே விழுந்தா ரெண்டு கையையும் விரிக்கணும். பார்க்க முடியலைன்னா கண்ணைப் பொத்திக்கணும். இவ்வளவுதான் வேலை" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெண்கள் இறுதிப் போட்டிக்கு என்னையும் அழைத்துப் போனார். நான் நேரில் பார்த்த முதல் ஆட்டம் அது. காற்றில் ஷட்டில் விலகிவிடும் என்று மின்விசிறிகளை நிறுத்தி, கதவுகளையும் சாத்தியிருந்தார்கள். தொலைக்காட்சியில் பூப்போல் மிதந்து வருவது அங்கே சாட்டையடி மாதிரி சத்தம் போட்டது. காலணிகள் தரையில் கிறீச்சிடும்போதெல்லாம் எனக்குப் பல் கூசியது. காலரி முழுவதும் அந்தப் பேட்டைக்காரர்கள். அவர்களுடைய பெண் ஒரு பக்கம். மறுபக்கம் வெளியூரிலிருந்து வந்த ஒல்லியான பெண். அவளுக்குக் கைதட்ட அவளுடைய பயிற்சியாளர் ஒருவர்தான் இருந்தார்.

மூன்றாவது ஆட்டம். வெளியூர்ப் பெண் இருபது, பேட்டைப் பெண் பத்தொன்பது; இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெளியூர்ப் பெண்ணுக்கு வெற்றி. பேட்டைப் பெண் ஓங்கி அடித்த ஷட்டில் வெளியூர்ப் பெண்ணின் தலைக்கு மேலே போய்ப் பின்கோட்டருகே விழுந்தது. அவள் அதைத் தொடவில்லை. அந்தக் கோட்டுக்கு நேர் எதிரே நாற்காலியில் இருந்தவர் ஜெயாக்கா. இரண்டு கைகளையும் விரித்து, "அவுட்" என்றார்.

உயர நாற்காலியில் இருந்த தலைமை நடுவர் ஜெயாக்காவைப் பார்த்தார். ஜெயாக்கா மறுபடியும் கைகளை விரித்தார். ஆட்டம் முடிந்தது என்று அறிவித்ததுமே என் தலைக்கு மேல் தண்ணீர்ப் பாட்டில்கள் பறந்தன. "சோர், சோர்" என்று கத்தினார்கள். ஜெயாக்காவைத்தான் திருடி என்றார்கள். பின்வரிசையில் இருந்த பருத்த மனிதர் ஒருவர் குனிந்து என் தோளைத் தட்டினார். "திதி, நீங்கள் அந்த அம்மாளோடுதானே வந்தீர்கள்?" என்று, அக்கா முறை வைத்து, வங்காளத்தில் கேட்டார்.

"இல்லை, எனக்கு அவரைத் தெரியாது" என்றேன். எந்தத் தடங்கலும் இல்லாமல் என் வாயிலிருந்து வந்தது அது.

ஜெயாக்காவை உள்ளே ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். கூட்டம் கலைந்ததும் நானும் அங்கே போனேன். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். வாசலுக்கு எதிரே டீக்கடையில் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். பின்வழியாகப் போய்விடலாம் என்று கெஞ்சினேன். "பஸ் இந்தப் பக்கம்தானே வரும்" என்று அவர் பையை எடுத்துக்கொண்டார். நாங்கள் வெளியே வந்ததும் மூன்று பேர் பின்னாலேயே வந்தார்கள். ஒருவன் எங்களை ஒட்டி நடந்தபடி, "உங்க முகம் ஞாபகம் இருக்கும் மாஷிமா" என்றான். பெரியம்மா என்று மரியாதையாகக் கூப்பிட்டுத்தான் அவன் அதைச் சொன்னான். ஜெயாக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை சொதசொதவென்று நனைந்திருந்தது. அவர் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பஸ் வந்தது. அவர்கள் ஏறவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. "கண்ணைப் பொத்திக்கிட்டிருக்கலாமேக்கா. தெரியலைன்னு விட்டிருந்தா அந்த நடுவர் பாடு" என்றேன்.

"பார்த்துட்டேனே செல்வி" என்றார். "ரெண்டு விரல் தள்ளி விழுந்துச்சு. பார்த்ததை எப்படிப் பார்க்கலைங்கிறது?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. காலரியில் நான் சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டேன். "எனக்கும் கை நடுங்கிச்சு. நீ மேலே இருந்ததால உனக்குத் தெரியலை" என்றார். சற்றுக் கழித்து, "நீ அப்படிச் சொன்னது நல்லதுதான். உன்னையும் அடிச்சிருந்தா என்னை யாரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?" என்றார். நான் சிரிக்க முயன்று, அழுதேன்.

அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் அவரை எந்தப் போட்டிக்கும் கூப்பிடவில்லை. காரணத்தையும் யாரும் சொல்லவில்லை. அவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு காலரியில் உட்கார்ந்து பார்த்தார். கூட வரும்படி என்னை வற்புறுத்தவே இல்லை. பிறகு மறுபடி கூப்பிட்டார்கள்; போட்டிக்கு மறுநாள் மதிய உணவின்போது, "நேத்து உட்கார்ந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

போன மாதம் ஆஸ்பத்திரியில், அறுவைச் சிகிச்சைக்கு முந்திய மாலையில், "பயமா இருக்கு செல்வி, கொஞ்ச நேரம் பேசாம உட்காரு" என்றார். உட்கார்ந்திருந்தேன். டாக்டர் நம்பிக்கையாகத்தான் பேசினார். எனக்கும் பயமாக இருந்தது; அதை நான் சொல்லவில்லை. சிகிச்சைக்குப் பின் ஒன்பது நாட்கள் இருந்தார்.

இறுதிச் சடங்கு முடிந்து லேக் கார்டன்ஸில் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கார்த்திக்கிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவன் முகம் மலர்ந்தது. "தெரியும் ஆன்ட்டி, அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கா. அவ்வளவு கூட்டத்துல நீங்க ஒருத்தர்தான் அம்மா பக்கம் நின்னீங்களாமே" என்றான்.

நான் அவனைத் திருத்தவில்லை. எனக்குத் தாங்க முடியாத பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, ஜெயாக்கா என்னைத் தன் வீட்டில் நல்லவளாக வாழ வைத்திருக்கிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான். அதை இப்படியே வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. ஆகவே, அவரை அறிந்த உங்கள் முன்னால் சொல்கிறேன்: எனக்கு ஜெயாக்காவைத் தெரியும். அவரோடுதான் வந்தேன்.