சாய்ந்த முறம்

செல்லியம்மாளுக்குச் சும்மா தலையாட்டத் தெரியாது. ஜவ்வாது மலையில் ஓராசிரியர் பள்ளியில் நான் வாத்தியாராக இருந்தபோது, பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்தவள் அவள். சின்ன வயதில் பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. ஆனால் வகுப்பின் வடக்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்து, காய் நறுக்கிக்கொண்டே பாடம் முழுக்கக் கேட்பாள். பதினாறாம் வாய்ப்பாட்டில் பிள்ளைகள் திணறினால் வெளியிலிருந்து விடை வரும். எனக்கு அது எரிச்சலாகவும் இருக்கும், உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும்.

அறுபத்திரண்டாம் வருஷம், மார்கழி. குளிரில் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பூமி சூரியனைச் சுற்றி வருகிறது, கிட்டே போனால் கோடை, தள்ளிப் போனால் குளிர் என்று ஆறு வருஷமாகச் சொன்னதையே அன்றும் சொன்னேன்.

ஜன்னலில் செல்லியம்மாள் தலை தெரிந்தது.

"ஏன் வாத்யாரே, போளூரு கீழ கிடக்குது. நாம மலை மேல சூரியனுக்குக் கிட்டதானே இருக்கறோம்? சித்திரையில அங்க வேகுது, இங்க ஜிலுஜிலுன்னு காத்தடிக்குது. அது இன்னா கணக்கு?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோதுதான் மனுஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "சமையல் வேலையைப் பாரு. இனிமே பாட நேரத்துல இந்த ஜன்னல் பக்கம் வராதே" என்றேன்.

அவள் காய்க்கூடையைத் தூக்கிக்கொண்டு கட்டடத்தின் தெற்குப் பக்கம் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்கப் பதினாறாம் வாய்ப்பாடு பாதியில் நின்றது. வெளியிலிருந்து குரல் வராத வகுப்பு எனக்கே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை மலை இறங்கினேன். போளூரில் அறிவியல் வாத்தியாராக இருந்த என் நண்பன் ராஜவேலுவிடம் விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பஞ்சாட்சரம், பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வர்றதே இந்த மார்கழியிலதான்யா. மலைக் குளிரு வேற சங்கதி. சூரியன் இருக்கிற தூரத்துக்கு உன் மலையெல்லாம் ஒரு தூசு."

பூமி சாய்ந்தபடியே சுற்றுகிறது. நம் பக்கம் சூரியனைப் பார்த்துச் சாயும் மாதங்களில் வெயில் நேராக விழும். விலகிச் சாயும் மாதங்களில் சரிவாக விழுந்து சூடு பரந்துபோகும் என்று படம் போட்டுக் காட்டினான். புரிந்த மாதிரி தலையாட்டினேன். புரிந்தது பாதிதான்.

திங்கட்கிழமை தெற்குப் பக்கம் போய் நின்றேன். செல்லியம்மாள் வற்றலுக்காக அவரைக்காயை நறுக்கி முறத்தில் பரப்பியிருந்தாள். முறத்தின் ஒரு பக்கம் கல்லை முட்டுக் கொடுத்து, தெற்கு பார்க்கச் சாய்த்து வைத்திருந்தாள்.

"எதுக்கு இப்படிச் சாய்ச்சி வச்சிருக்கீங்க?"

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "மார்கழி சூரியன் தெக்கால ஒதுங்கிப் போவுது. முறம் படுத்துக் கிடந்தா வெயில் நேரா வுழாது, காய் காயாது. சித்திரையில உச்சி மேல நிக்கும். அப்ப சாய்க்க வேணாம்."

ராஜவேலுவின் படம் அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. வெட்கமாகவும் இருந்தது. பிள்ளைகளை வெளியே கூப்பிட்டு அந்த முறத்தைச் சுற்றி நிற்க வைத்தேன். "ஆறு வருஷமா நான் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன். செல்லியம்மா கேட்டதுதான் சரியான கேள்வி" என்று சொல்லி, புதிதாகப் பாடம் நடத்தினேன். முடிந்ததும் அவளிடம், "பழையபடி ஜன்னலாண்ட வந்து உக்காருங்க" என்றேன்.

"உலை கொதிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

மறுநாள் காலை வகுப்புக்குள் நுழைந்தேன். வடக்கு ஜன்னலுக்கு வெளியே, அதே கல்லில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவரைக்காய் முறம்.

"இங்கதான் வாத்யாரே வெயில் நல்லா வுழுது" என்றாள்.

வடக்குச் சுவரோரம் மார்கழி முழுக்க நிழல்தான். அது அவளுக்குத் தெரியும். இப்போது எனக்கும் தெரியும். நான் பாடத்தை ஆரம்பித்தேன். அந்த வருஷம் அவரை வற்றல் பூராவும் பூசணம் பூத்துப்போனது.