‘டெஸ்ட்’ என்ற பெயரில் ஓர் இதயம்

காலை ஏழு மணிக்கு ஜெசிந்தா அக்காவின் கணவர் அழைத்தார். “கவிதாம்மா, எக்கோ ரூம் சாவி அவ பையிலதான் இருக்குது. வந்து வாங்கிக்கினு போம்மா. அவ இனிமே வரமாட்டா.” முந்தைய நாள் மாலைதான் அக்கா அந்தச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஆரம்பாக்கம் ரயிலைப் பிடிக்க ஓடினார். பக்கவாதம். துடிப்பு தப்பி, இதயத்தின் இடது மேலறையில் உறைந்த இரத்தக்கட்டி மூளைக்குப் போயிருக்க வேண்டும் என்றார்களாம்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கிளினிக்குக்கு வந்தவர்களுக்கு அக்காவின் பிடிவாதம் தெரியும். இரத்த அழுத்தக்காரர்கள் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்க வந்தால், கீழறை நன்றாக அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு நான் அனுப்பிவிடுவேன். அக்கா விடமாட்டார். இடது மேலறை எவ்வளவு விரிந்திருக்கிறது, எவ்வளவு சுருங்குகிறது என்று இரண்டு கோணத்தில் அளப்பார்.

ஒருமுறை உருக்காலைத் தொழிலாளி ஒருவர், “ஷிப்டு பஸ் பூடும்மா, பேஜாரு பண்ணாதீங்க” என்று எழுந்துவிட்டார். அக்கா தோளில் கை வைத்துப் படுக்க வைத்தார். “பஸ்ஸு நாளைக்கும் வரும் நைனா. பிரஷரு வலிக்காது. கீழ் ரூமு விறைச்சிப் போச்சின்னா மேல் ரூமுதான் தம் கட்டித் தள்ளும். அது களைச்சிப் போச்சான்னு பாத்துட்டு அனுப்பறேன்.” களைத்துத்தான் போயிருந்தது. மருந்தை மாற்றினார்கள். அடக்கத்துக்கு அவர் ஷிப்டு உடையோடு வந்து, ஓரமாக நின்று அழுதார்.

போன வருடம் புது மெஷின் வந்தது. படம் சரியாக விழுகிறதா என்று பார்க்க எங்களில் ஒருவர் படுப்பது வழக்கம். நோயாளி பெயருக்குப் பதில் ‘டெஸ்ட்’ என்று அடிப்போம். அளவெடுப்பதில்லை, ரிப்போர்ட்டும் கிடையாது. அன்று அக்கா படுத்தார். நெஞ்சில் வைத்துப் படம் பிடிக்கும் புரோப் என் கையில்.

“இன்னாடி, படம் எப்படி வருது?”

“சூப்பரா வருதுக்கா.”

“அப்போ எழுந்துக்கவா? வெளிய ஜனங்க குந்திக்கினு இருக்காங்க.”

அவ்வளவுதான். தினமும் காலை டீக்கு முன்னால் அவர் பிரஷர் மாத்திரை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். இருந்தும், இரண்டு பேரும் மெஷினைத்தான் பார்த்தோம். அவரைப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். திரையில் அக்காவின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. இடது மேலறை அளக்காமலேயே தெரியும் அளவுக்கு விரிந்திருந்தது. சரியாகச் சுருங்கவுமில்லை. “அன்னிக்கே தெரிஞ்சிருந்தாலும் இது நடந்திருக்கலாம்மா” என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் யார் யாரையோ பஸ்ஸைத் தவறவிட வைத்துப் பார்த்துச் சொன்னவருக்கு, அவருடையதைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. அந்த ஆள் நான். இதை அக்காவை அறிந்த உங்கள் எல்லோரிடமும் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் சாவியும் அந்தப் படமும்தான். ‘டெஸ்ட்’ என்பதை அழித்துவிட்டு அவர் பெயரை அடித்தேன். இரண்டு கோணத்திலும் அளந்தேன். ரிப்போர்ட் எழுதி, உறையில் போட்டு, பழக்க தோஷத்தில் கதவைத் திறந்து, “ஜெசிந்தா” என்று கூப்பிட்டுவிட்டேன்.

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் எழுந்து வரவில்லை.