இருமல் இல்லாத தெரு

முதுகலை படிக்கிறவன் ஆராய்ச்சியில் சேர என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகப் போய்ப் பேராசிரியரின் அறை வாசலில் மூன்று நாள் நின்றேன். நான்காம் நாள், "எந்த ஊர்ப்பா?" என்று கேட்டார். விஸ்வநத்தம் என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பட்டாசுத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி அவர் ஆய்வு தொடங்கியிருந்த நேரம் அது. என் மதிப்பெண்ணை அவர் கேட்கவே இல்லை.

அவர் சொன்ன விதிகள் இரண்டு. ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிப் போக வேண்டும், இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. அவர்கள் சொன்ன பதிலைத்தான் எழுத வேண்டும், நாம் நினைப்பதை எழுதக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் படிவக் கட்டோடு எங்கள் தெருவில் ஏறி இறங்கினேன். எல்லாரும் சிறு வயதிலிருந்து தெரிந்த அத்தைமார், சித்திமார். இருமல் உண்டா? இல்லை. மூச்சிரைப்பு? இல்லை. கண் எரிச்சல்? அதுவும் இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. காரணம் தெரியாமலும் இல்லை. முன்பு ஒருமுறை பேப்பரும் பேனாவுமாக யாரோ வந்துபோன பிறகு பட்டாசுக் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். திறக்கும்வரை தெருவே வேலையில்லாமல் கிடந்தது. அதிலிருந்து யார் பேப்பரோடு வந்தாலும் எதைக் கேட்டாலும் இல்லை என்பதே எங்கள் பழக்கம். பள்ளியில் படிக்கும்போது நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

எண்ணிக்கொண்டே வந்ததில் எங்கள் வீடே ஐந்தாவதாக விழுந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிறவள், வருடக்கணக்காக இருமுகிறவள். ஒரு படிவமாவது உண்மையாக இருக்கும், அவள் இருமல் படித்தவர்கள் கண்ணில் படும், யாராவது ஏதாவது செய்வார்கள் என்று நம்பினேன். அவ்வளவு வெகுளி.

எதிரே உட்கார வைத்துக் கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டு இருமினாள்.

பெயர் எழுத மாட்டோம், எண் மட்டும்தான் என்று விளக்கினேன். கோபப்பட்டேன். பிறகு கெஞ்சினேன்.

"பேரு இல்லாட்டி என்னலே? நாளைக்குக் கம்பெனியப் பூட்டுனா, இந்த எழவ எழுதுனது அவ மகன்தானன்னு சொல்ல மாட்டாகளா? இல்லன்னு போடு."

போட்டேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். நம்பினார், முகமும் வாடியது. "படிவத்துல இல்லையேப்பா" என்றார். அதற்கு மேல் அவருக்கும் வழி தெரியவில்லை.

ஆய்வு அச்சாகி வந்தது. இருமல் உள்ளவர்கள் மிகக் குறைவு என்று அதில் இருந்தது. களப்பணியில் உதவியவன் என்று கடைசிப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. என் பெயரை அச்சில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெருமைப்படவும் முடியவில்லை, கிழித்துப் போடவும் மனம் வரவில்லை.

வேலை முடிந்து வந்த அம்மாவிடம் காட்டினேன். என் பெயரைத் தொட்டுப் பார்க்க விரலை நீட்டியவள், கையெல்லாம் அலுமினியப் பொடியாக இருப்பதைப் பார்த்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னத மாத்தாமத்தான எழுதுன?"

"மாத்தலம்மா."

நல்லாயிரு என்று சொல்ல வாயெடுத்தாள். இருமல் அவளைச் சொல்ல விடவில்லை.