கரையில் ஆள் இருக்கணும்

என் மாமா போட் ஓட்டிப் பிழைத்தவர். அவருக்கு நீந்தத் தெரியாது. அம்மாவின் தம்பியான அவர் கண்டி ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். அங்கே மலை ஊற்றிலிருந்து பீலி வழியாக விழும் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரோடு அவருக்குப் பழக்கமில்லை. கொழும்புத் தொரை ஒருவர் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் விடுமுறை பங்களா கட்டி, அதைப் பார்த்துக்கொள்ள மாமாவை வைத்தபோது, போட் ஓட்டத் தெரியுமா என்று கேட்டாராம். மாமா கூச்சமே இல்லாமல் தெரியும் என்று சொல்லிவிட்டு, பிறகு ஒரு மாதம் யாரும் பார்க்காத நேரத்தில் ஓட்டிப் பழகியிருக்கிறார். இதை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார். நீச்சல் விஷயத்தை மட்டும் நான்தான் கண்டுபிடித்தேன்.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்குப் பத்து வயது. அப்பா எங்களோடு இல்லை. ஏன் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஆகவே நான் மாமாவிடம் வந்து சேர்ந்தேன். அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பங்களாவின் பின்னறைகளில் நாங்கள் இரண்டு பேர். பகலில் சமையலுக்கு ஒரு சிங்கள அம்மா வருவார்; நோனா என்றுதான் கூப்பிடுவோம். சனி, ஞாயிறில் விருந்தாளிகள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தண்ணீரும் நானும்தான். சாயங்காலமானால் வயிற்றுக்குள் என்னவோ செய்யும். பசி என்று நினைத்துப் பாணும் சம்பலும் சாப்பிடுவேன். சாப்பிட்ட பிறகும் அது அப்படியே இருக்கும்.

பங்களாவில் போனுக்கு சிக்னல் கிடையாது; பின்னாலிருந்த மலை மறைத்துக்கொண்டது. மேல் ரோட்டுக்கு ஏறினால் கிடைக்கும், ஆனால் அது ஒரு மணி நேர ஏற்றம். போட்டில் ஐந்து நிமிடம் நடுத்தண்ணீருக்குப் போனாலோ நான்கு கோடும் நிமிர்ந்து நிற்கும். வெள்ளிக்கிழமைகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அங்கே வீட்டுக்கார மேடம் அம்மாவுக்குக் கால் மணி நேரம் போனைக் கொடுப்பார். இங்கே அப்போது நான்கு மணி. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு போன். வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு மாமாவும் நானும் அதை எடுத்துக்கொண்டு போட்டில் புறப்படுவோம். என் கிழமையே அந்தக் கால் மணி நேரம்தான். மற்ற ஆறு நாளும் அதற்காகக் காத்திருப்பது.

பன்னிரண்டு வயதில் மாமா என்னை ஓட்டவிட்டார், தானும் ஏறி உட்கார்ந்திருக்கும்போது மட்டும். சின்ன போட்தான், பின்னால் ஒரு எஞ்சின், அதைத் திருப்ப ஒரு கைபிடி. ஆனால் மாமாவின் சட்டங்களைக் கேட்டால் கப்பல் ஓட்டப் போகிறோம் என்று நினைக்கத் தோன்றும். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி மூன்று பூட்டையும் போடணும். எஞ்சினிலிருந்து வரும் சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் கட்டணும். ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் தானாக நின்றுவிடும். தண்ணீர் வற்றும் காலத்தில், அணை கட்டியபோது மூழ்கிப்போன மரங்களின் கட்டைகள் தலைகாட்டும். அந்தப் பக்கம் போகவே கூடாது. போன் பேசும்போது எஞ்சினை நிறுத்திவிடணும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது.

"கரையில ஆள் இல்லாட்டி எஞ்சின்ல கை வைக்கக் கூடாது. போட்டு பொரண்டா ஒன்னைய யாரு பாக்குறது, மீனா?"

அந்த ஆள் நோனாதான். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று அவரைப் பார்த்துக் கத்திச் சொல்ல வேண்டும். "ஹா துவ, போய்ட்டு வாங்க" என்று அவர் பதில் கத்துவார். துவ என்றால் சிங்களத்தில் மகள். நாங்கள் திரும்பும்வரை நோனா கரையை விட்டு நகரமாட்டார், அடுப்பில் சோறு குழைந்தாலும் சரி.

அந்த ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா போனை வைக்கும் முன், "அடுத்த கிழமை ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும் பாப்பா. கட்டாயம் வந்துரு" என்றார். குவைத்துக்குப் போய் இரண்டு வருடம் அடுத்த மாதம் முடிகிறது. முடிந்ததும் அம்மா வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஆகவே, என்ன வாங்கி வரட்டும் என்று கேட்கப்போகிறார் என நான் முடிவுகட்டினேன். கைக்கடிகாரமா, சக்கரம் வைத்த பையா என்று ஒரு கிழமை முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நோனா வரவில்லை. அக்கரையிலிருந்த அவர் ஊரில் தானம், பிக்குகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் நாள். மறுநாள் விருந்தாளிகளுக்குச் சாமான் வாங்க மாமா காலையிலேயே கண்டிக்குக் கிளம்பினார். போனை என் கையில் கொடுத்து, "ரெண்டரைக்கெல்லாம் வந்துருவேன். நம்ம போட்ட நோனா ஊட்டு அக்கரைப் பக்கமா திருப்பி ஒரு சத்தம் குடுத்துட்டு, நடுவுக்குப் போவோம்" என்றார்.

இரண்டரைக்கு வரவில்லை. மூன்றுக்கும் வரவில்லை. மூன்றேகாலுக்கு நான் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போட்டில் போய் உட்கார்ந்தேன். மேல் ரோட்டுக்கு ஏறலாமா என்று யோசித்தபோது அதற்கும் நேரம் போய்விட்டிருந்தது. மூன்று ஐம்பதுக்கு மாமா மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கயிற்றை மணிக்கட்டில் கட்டினேன், போட்டை அவிழ்த்தேன், எஞ்சினை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

ஒரு இருபது முழம் போயிருப்பேன். பழக்க தோஷத்தில் திரும்பி, "நடுவுக்குப் போறேன், நாலரைக்கு வந்துருவேன்" என்று கத்தினேன். பதில் இல்லை. கரையில் யாருமில்லை என்பது தெரிந்துதான் கிளம்பினேன். ஆனாலும் பதில் வராதபோதுதான் அது எனக்கு உறைத்தது. நான் விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும், ஜாக்கெட் என்னை மிதக்க வைக்கும், ஆனால் நான் அங்கே மிதக்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மெதுவாகத் திருப்பிக் கொண்டுவந்து கட்டினேன்.

நான்கு மணி ஆனது. கையிலிருந்த போனில் ஒரு கோடுகூட இல்லை. நான்கேகாலும் ஆனது. அதற்குப் பிறகு அழுதேன். கேட்க ஆளில்லாததால் சத்தமாகவே அழுதேன்.

மாமா வந்தபோது ஐந்தரை. வழியில் லொறி ஒன்று குடைசாய்ந்து பஸ்கள் எல்லாம் நின்றுவிட்டனவாம். பைகளைக் கீழே வைத்துவிட்டு, ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"போட்ட எடுத்தியா?"

"எடுத்தேன். கரையில ஆள் இல்ல மாமா. திருப்பிட்டேன்."

மாமா கட்டியிருந்த போட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு, "நீதான் என் மருமக" என்று என் தலையில் கை வைத்தார். அன்றைக்குத் தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே போகாமல் நேரே மேல் ரோட்டுக்கு ஏறினார், நானும் பின்னாலேயே ஓடினேன். சிக்னல் கிடைத்ததும் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. அம்மா பதினொரு தடவை அழைப்பு எடுத்திருந்தார். அந்த நம்பருக்கு நாங்கள் எடுக்கக் கூடாது. எடுத்தால் அம்மாவுக்குத்தான் பேச்சு விழும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நோனா கரையில் இருந்தார், மாமா என் முன்னால் இருந்தார், நான்தான் ஓட்டினேன். எஞ்சினை நிறுத்தியதும் போன் அடித்தது. போன கிழமைக் கதையை ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டார். "நல்லது பாப்பா. அப்பிடித்தான் இருக்கணும்" என்றார். குரல் சளி பிடித்ததுபோல் இருந்தது.

"என்னம்மா கேக்கணும்னு சொன்னீங்க?"

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லி மேடம் காயிதம் நீட்டுனாங்க. போன வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணும்னாங்க. ஒங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடலாம்னு பாத்தேன்." குரலைத் தாழ்த்தி, "போட்டுட்டேன் பாப்பா" என்றார்.

வயிற்றுக்குள் அந்தப் பசி சட்டென்று வந்தது. ஆனால் போன் பேசும்போது அழுதால் அம்மாவுக்கு அங்கே வேலை ஓடாது என்று மாமா சொல்லி வைத்திருந்தார். அதோடு, அந்தக் கிழமை முழுக்க நான் பெரிய ஆள் மாதிரி நடந்துகொண்டேன் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். மாமா பெற்றோல் டாங்கியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட என்னம்மா கேக்க இருக்கு? நானும் போடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றேன். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

சரியான பதிலைச் சொல்லிவிட்டேன் என்ற நினைப்போடுதான் அன்று போட்டைக் கரைக்குத் திருப்பினேன். வேண்டாம், வந்துருங்க என்று என் வாயால் கேட்பதற்காகத்தான் அம்மா பதினொரு தடவையும் எடுத்தார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.