இனி பிறக்கும் பதிப்புகளுக்கும் பொருந்தும்

“இன்னிக்கு இருக்கிற பதிப்புக்கு மட்டும் இல்ல மச்சான். இனிமே பொறக்கப் போறதுக்கும் சேர்த்தே எழுதியாச்சு.”

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உருட்டிய கவளத்தை வாயில் போடாமல் நிறுத்திவைத்து, கேரண்டி இப்படி அறிவித்தார். அக்காவின் கணவர் மரியாதைக்குத் தலையாட்டினார். அவருக்கு ரசமா மோரா என்பதுதான் அப்போதைய பிரச்சினை.

கேரண்டி என்பது கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர். மழை வராது, லிஃப்ட் நிற்காது, மேலாளர் இன்று லீவு என்று எதைச் சொன்னாலும் கடைசியில் “கேரண்டி” என்று முத்திரை குத்துவார். பிறகு மழை கொட்டினால் அது மழையின் ஒழுங்கீனம். வார நாட்களில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் சம்பளத்துக்கு உழைத்தார். ஞாயிறுகளில் உலகத்துக்கு இலவசமாக உழைத்தார்.

உலகத்துக்குச் செய்த உழைப்பு இதுதான். இணையதளம் கட்டுவதற்கென்று பலர் கூடி இலவசமாக உருவாக்கிய ஃப்ரேம்வொர்க் ஒன்று உண்டு. அதில் செருகிக்கொள்ள கேரண்டி ஒரு ப்ளகின் எழுதினார். முன்பதிவு செய்யும் தளங்களில், ஒரே இருக்கை ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் போய்விடாமல் காவல் நிற்பது அதன் வேலை. ஃப்ரேம்வொர்க்கின் எந்தெந்தப் பதிப்போடு ஒத்துப்போகும் என்று ப்ளகினில் ஒரு வரி எழுத வேண்டும். மற்றவர்கள் “மூன்று முதல் நான்கு வரை” என்று அடக்கமாக எழுதுவார்கள். கேரண்டி “மூன்றும், அதற்கு மேல் எல்லாமும்” என்று எழுதினார். கம்ப்யூட்டர் அப்பாவி, எழுதியதை அப்படியே நம்பும்.

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலண்டரில் மட்டும் வந்தது. ப்ளகினின் பக்கத்தில் யாரோ கேட்டார்: “இதை இன்னும் யாராவது பார்த்துக்கொள்கிறீர்களா?” “பார்க்கிறேன்” என்று பதில் போட்டார். இன்னொருவர்: “ஐந்தாம் பதிப்பு வந்துவிட்டதே, அதில் ஓடுமா?” “ஓடும்” என்று எழுதிக் கேள்வியையும் மூடினார். ஐந்தாம் பதிப்பை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

ஒரு நாள் காலை, ஆபீசில் நாற்காலியைச் சரிசெய்து உட்காரும்போது அக்கா கூப்பிட்டாள். அவளுக்கு டயாலிசிஸ் மையத்தில் வரவேற்பு மேசை வேலை. தம்பியின் பெருமையை நம்பி அந்த ப்ளகினை அங்கே சிபாரிசு செய்தவளும் அவளேதான்.

“டேய், எட்டாம் நம்பர் மெஷினுக்கு ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க.”

“ஒருத்தர் நாள் மாறி வந்திருப்பார்க்கா.”

“ரெண்டு பேர் போன்லயும் மெசேஜ் இருக்கு. ஒரே நேரம், ஒரே மெஷின். ஒருத்தர் மடியில இன்னொருத்தரை உக்கார வைக்கவா?”

“தளம் என்னோடது இல்லக்கா, நான் எழுதினது வெறும்...”

“சாப்பிடும்போது மட்டும் உன்னோடதா?” குரலைத் தாழ்த்தினாள். “ஒருத்தர் ரிட்டயர்டு போஸ்ட்மேன். கால் வீங்கியிருக்கு, பேசவே மூச்சு வாங்குது. இன்னொரு அம்மா தையல்காரங்க. உபரி மெஷின் ஒண்ணே ஒண்ணுதான். இன்னும் எத்தனை பேர் இப்படி வருவாங்கன்னு தெரியாம அதைத் திறக்க முடியாதுங்கிறார் டாக்டர். எந்தப் பதிவு சரி, எது தப்பு? அதை மட்டும் சொல்லு.”

“பத்தே நிமிஷம் குடு. கேரண்டி.”

ஐந்தாம் பதிப்பை இறக்கிப் பார்த்தார். அதைக் கட்டியவர்கள் உள்ளே ஒரு கதவை இடம் மாற்றியிருந்தார்கள். ப்ளகின் பழைய கதவிலேயே விறைப்பாகக் காவல் நிற்க, ஜனம் புதுக் கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. காவலாளியை நகர்த்திப் பார்த்தார்; அவன் யாரையுமே உள்ளே விடவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். இப்போது எல்லாரையும் விட்டான். கேரண்டியின் சட்டை, ஏசி அறையிலும் முதுகோடு ஒட்டியது.

போன் மறுபடி அடித்தது. மையத்தின் கம்ப்யூட்டர் ஆள்.

“சார், நேத்து சாயங்காலம் நான்தான் அஞ்சாம் பதிப்புக்கு மாத்தினேன். உங்க வரியைப் பார்த்துத்தான் மாத்தினேன். அஞ்சுல ஓடும்னு நீங்களே பதிலும் போட்டிருக்கீங்க. அப்ப கோளாறு நம்ம சர்வர்லதான்னு டாக்டர் என்னைப் பிடிச்சிருக்கார். அதைத்தான் குடைஞ்சுட்டு இருக்கேன்.”

இந்த இடத்தில் கேரண்டிக்கு ஒரு வசதியான யோசனை வந்ததை மறைப்பதற்கில்லை. சர்வரை இன்னும் கொஞ்ச நேரம் குடையட்டும். அதற்குள் காவலாளியைச் சரியாக நிறுத்திவிட்டால், யாருக்கும் தெரியாமல் எல்லாம் சுபம். வாயைத் திறந்தார். போனில், அந்த ஆளுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது: “ஐயா, இப்படிச் சாஞ்சுக்கோங்க. பேசாதீங்க. சிஸ்டர், ஆக்சிஜன் கொண்டு வாங்க.”

“சார், அஞ்சுல சோதிச்சீங்கல்ல?”

“இல்ல.”

கேரண்டி கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

“சோதிக்கல. சர்வரை விட்டுடுங்க, கோளாறு என்னோடது. நாலாம் பதிப்புக்கே திரும்பிடுங்க. நேத்து நீங்க மாத்தினதுக்கு முன்னாடி பதிஞ்சதெல்லாம் சரி. அதுக்கு அப்புறம் பதிஞ்சது ஒண்ணையும் நம்பாதீங்க, ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுக் கேளுங்க. டாக்டர்கிட்ட என் பேரையே சொல்லுங்க.”

“சரி சார்” என்றான் அவன். அந்தக் குரலில் மரியாதை குறைந்திருந்ததா, நிம்மதி கூடியிருந்ததா என்று கேரண்டியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

போஸ்ட்மேன் போன வாரமே பதிந்தவர். எட்டாம் மெஷின் அவருக்கு. தையல்கார அம்மா அன்று காலை பதிந்தவர். சந்தேகத்துக்குரிய மற்ற பதிவுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை என்று தெரிந்ததும், டாக்டர் உபரி மெஷினை அந்த அம்மாவுக்குத் திறந்தார். அந்தப் பதிவுகளில் மதியம் வர வேண்டியவர்களை அக்கா போனில் பிடித்து நாள் மாற்றினாள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் தம்பியைக் கூப்பிட்டாள்.

“ரெண்டு பேரும் ஏறிப் படுத்தாச்சு. பெரியவருக்கு மூச்சு சீராயிடுச்சு. உன் மச்சானுக்கும் தகவல் சொல்லட்டுமா?”

“வேண்டாம்க்கா.”

போனை வைத்துவிட்டு, மூடியிருந்த அந்தக் கேள்வியைத் திறந்தார். “ஓடும்” என்பதை அழித்து “ஐந்தில் ஓடாது. நான் சோதிக்காமல் சொல்லிவிட்டேன்” என்று எழுதினார். பிறகு ப்ளகினின் வரிக்குப் போனார். “அதற்கு மேல் எல்லாமும்” என்பதை எடுத்துவிட்டு, “நான்கு வரை” என்று போட்டார். சேமித்தார். மேலாளர் மேசைக்கு அருகில் வந்து, இன்று மழை வருமா என்று கேட்டார்.

“தெரியல சார்” என்றார்.