மூன்று காராக வந்த ஸ்பிரிங்வெளி பஸ்

ரோட்டில் ஓடுகிற வாகனங்களை, ரோட்டுக்குப் போகாமலே கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் எங்கள் தொழில். அந்தத் தொழிலால் அநியாயத்துக்கு ஆளானவர்கள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து பஸ்ஸில் பதுளைக்கு வருகிறவர்கள். அவர்களுடைய பஸ்ஸைப் பாதி வழியில் மூன்று காராக உடைத்தோம். பிறகு, அந்தப் பக்கமிருந்து பஸ்ஸே வருவதில்லை என்று அறிக்கை கொடுத்தோம். அதை நம்பிய அதிகாரிகள், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட அந்த பஸ் நிற்கிற இடத்தை எடுத்துவிடப் போவதாகப் போர்டு வைத்தார்கள்.

நான் அதே பஸ்ஸில் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் போகிறவள். பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம். பயிற்சிக்காக இந்தக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். ஆபீஸ் செய்த காரியத்துக்கு ஊரில் முகம் கொடுக்க வேண்டிய நிலையில் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். கரண்ட் போனால் லைன்மேனின் மனைவியைப் பிடித்துக் கேட்பார்களே, அந்த மாதிரி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோபக்கார த்ரீவீலரும் குழாய்த் தண்ணீரும்

எங்கள் கணினி மாதிரியில் இரண்டு உலகம் உண்டு. டவுனுக்குள் ஒவ்வொரு வாகனமும் தனி ஆள். இந்த த்ரீவீலர் அவசரக்காரன், அந்த வேன்காரர் பொறுமைசாலி, இந்த லொறி பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவன் எத்தனை நொடி தாமதமாக விழித்துக்கொள்வான் என்பது வரை கணக்கு இருக்கும். டவுனைத் தாண்டினால் வாகனமே கிடையாது. மலை ரோடு ஒரு குழாய்; அதில் போக்குவரத்து தண்ணீர் மாதிரி ஓடும். எவ்வளவு வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது, அவ்வளவுதான். டவுன் எல்லையில் ஒரு பாலத்தில் இரண்டையும் ஒட்டுப்போட்டு வைத்திருந்தோம்.

குழாய் தப்பு என்று நான் சொல்லவே இல்லை. ஊவா மாகாணம் முழுக்க ஒவ்வொரு டிரைவரின் குணத்தையும் கணக்குப் போட்டால் கணினிக்கும் மூச்சு வாங்கும். நான் கேட்டது வேறு. பஜார் த்ரீவீலருக்குக் கோபம் வரை கொடுத்திருக்கிறோம், எங்கள் ஊர் பஸ்ஸுக்குச் சக்கரம்கூடக் கொடுக்கவில்லையே, இரண்டு உலகத்தையும் பிரிக்கிற கோட்டை அந்த இடத்தில் போட்டது யார் என்று கேட்டேன். போட்டவர் குழுவின் பொறுப்பாளர் ராஜசேகர் சேர். பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். நல்ல மனுஷர், குரலை உயர்த்தமாட்டார். அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"எல்லா எடத்தையும் உத்துப் பாக்க முடியாதும்மா. முக்கியமான எடத்த மட்டும்தான் உத்துப் பாக்கணும்."

பாலத்துக்கு இந்தப் பக்கம்

நம்ம பஸ் திரையில் எப்படி வருகிறதென்று பார்க்க ஒருநாள் ஆசையாக உட்கார்ந்தேன். பக்கத்தில் நுவன். புரோகிராம் எழுதுவது அவன்தான்; பண்டாரவளைப் பையன், சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். பஸ் வரவேண்டிய நேரத்தில் பாலத்திலிருந்து மூன்று வெள்ளைக் கார் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கியது. அடுத்த பஸ் நேரத்துக்கும் அப்படியே மூன்று கார். பஸ் மட்டும் வரவே இல்லை.

நுவன்தான் கண்டுபிடித்தான். குழாய்க்குள் எல்லாவற்றுக்கும் கார்தான் அளவு. ஒரு பஸ் என்றால் மூன்று கார். உள்ளே போகும்போது அப்படி மாற்றிவிட்டோம். வெளியே வரும்போது திரும்பப் பஸ்ஸாக மாறு என்று யாரும் சொல்லவில்லை. கார் எதற்கு பஸ் நிறுத்தத்தில் நிற்கும்? மூன்றும் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. ஆகவே நிறுத்தத்தை யாரும் பயன்படுத்துவதில்லை என்று கணினி முடிவு கட்டிவிட்டது. நுவன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறிக்கை ஏற்கனவே போய்விட்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று அவன் சொன்னான்:

"விடு, ஆளுக்கொரு காருல வந்தா எல்லாருக்கும் சீட் கிடைக்குமே."

கார்காரம்மா

எங்கள் பக்கத்து சாயந்தர பஸ்ஸுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் டிரைவர் இன்ஜினை நிறுத்திவிடுவார். கடைசிக் கூடையும் எடை போட்டு முடிந்து, பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடிவந்து ஏறினால்தான் பஸ் நகரும். அப்படி ஓடிவருகிறவர்களில் பரமேஸ்வரி அக்கா ஒருத்தி. எங்கள் லயத்துக்கு அடுத்த லயம். அவள் புருஷன் வடிகானில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து வார்டில் படுத்திருக்கிறார். தினமும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கினால் பார்வை நேரம் முடிவதற்குள் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காரலாம். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டால், அங்கிருந்து சாப்பாட்டுப் பையோடு மேடேறி நடந்துபோய்ச் சேருவதற்குள் வாட்ச்சர் கேட்டைச் சாத்திவிடுவார். அவளுக்கு அந்த நிறுத்தம் என்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

போர்டு வைத்த அன்று நான் டவுனுக்கு வர அந்த பஸ்ஸில் இருந்தேன். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கொண்டக்டருக்குத் தெரியும். ஏன் இப்படி என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. குழாய், பாலம், மூன்று கார் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே காது சூடாகியது. பிறகு கொண்டக்டர், கார்காரம்மா கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லுங்க, பின்னால இன்னும் ரெண்டு கார் வருது என்றார். பஸ்ஸே குலுங்கியது. மிதிபலகையில் தொங்கியவர்கள்கூட ஹாரன் அடித்துக் காட்டினார்கள். ஏசியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன், அது எனக்கு வரும். சிரித்தவர்களிடம் என்ன பேசுவது? பரமேஸ்வரி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப ஒங்க ஆபீஸ்ல பெரியவங்க ஒருத்தருமே இந்த பஸ்ல வந்ததில்லையா புள்ள?"

வாதத்தில் ஜெயித்த நாள்

மறுநாள் ராஜசேகர் சேரோடு சண்டை பிடித்தேன். மொத்த நெரிசல் கணக்கு சரிதானே, பஸ் அடைக்கிற இடத்தை மூன்று கார் அடைத்துவிடுகிறதே என்றார் முதலில். இடம் சரி சேர், ஆனால் கார் யாரையும் இறக்கிவிடாதே என்றேன். திருத்த ஒப்புக்கொண்டார், ஒப்புக்கொண்டதை மரியாதையோடு சொல்கிறேன், எல்லாச் சேர்மாரும் ஒப்புக்கொள்கிறவர்கள் இல்லை.

நானும் நுவனும் உட்கார்ந்து பாலத்தில் போட்டிருந்த ஒட்டைப் பிரித்தோம். மலை ரோடு குழாயாகவே இருக்கட்டும். ஆனால் அதற்குள் போகிற பஸ் தன் பெயரோடு போய், பாலத்தில் பஸ்ஸாகவே வெளியே வரவேண்டும் என்று மாற்றினோம். மடுவத்துக்கு முன்னால் காத்து நிற்பதையும் சேர்க்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். உள்ளதை உள்ளபடி காட்டவேண்டும் இல்லையா? மறுபடி ஓட்டினோம். பஸ் வந்தது. நேரம் கழித்து, நிறைந்து வழிந்து, டவுன் நெரிசல் உச்சத்தில் இருக்கும்போது வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நின்றது. அத்தனை பேரும் அங்கேயே இறங்க வேண்டியிருந்ததால் நின்றுகொண்டே இருந்தது. பின்னால் வந்த வாகனங்கள் நெரிசலில் சிக்கி ஒவ்வொன்றாகச் சிவப்பாக மாறின. நான் பஸ்ஸைப் பார்த்துக் கைதட்டினேன். சேர் சிவப்பைப் பார்த்தார்.

"இப்பத்தான் உண்மையான படம் கெடச்சிருக்கு. நல்லா வாதாடின, கூட்டத்துல நீயே காட்டு."

கூட்டம்

நிறுத்தத்தைப் பற்றி முடிவெடுக்கிற கூட்டத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். பரமேஸ்வரி அக்கா அரை நாள் கூலிப் பேரை விட்டுவிட்டு, சாப்பாட்டுப் பையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முடிவெடுக்கிற அதிகாரி சிங்களத்தில் பேசினார். மொழிபெயர்ப்பது என் பொறுப்பு. முந்தின அறிக்கை தவறு, பஸ் வருகிறது என்று காட்டினேன். அதிகாரி பொறுமையாகப் பார்த்தார். பஸ் வருவது தெரிகிறது, நன்றி என்றார். அது நிற்கும்போது பின்னால் எவ்வளவு தூரத்துக்கு எல்லாமே நின்றுபோகிறது என்பதையும் நீங்களே காட்டிவிட்டீர்கள், அப்படியானால் முந்தின முடிவில் மாற்றம் தேவையில்லை என்றார்.

நான் விடவில்லை. எங்கள் கணக்கில் பஸ்ஸும் ஒரு வாகனம், காரும் ஒரு வாகனம். மிதிபலகை வரை ஆள் தொங்குகிற பஸ்ஸும் ஒன்று, தனியாக ஒருவர் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற காரும் ஒன்று. யார் காத்திருக்கிறார்கள் என்று எண்ணாமல், எது காத்திருக்கிறது என்று மட்டும் எண்ணியிருக்கிறோம் என்றேன். அதிகாரி ராஜசேகர் சேரைப் பார்த்தார். சேர் மேசையைப் பார்த்தபடி, பயணிகளைச் சேர்ப்பது அடுத்த கட்டம் என்றார். அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு யாரும் மொழிபெயர்ப்பு கேட்கவில்லை. வந்திருக்கிறவர்களுக்கு முடிவைத் தமிழில் சொல்லிவிடும்படி அதிகாரி என்னிடம் அன்பாகச் சொன்னார்.

பின்வரிசையில் பரமேஸ்வரி அக்கா எழுந்து நின்றாள். என்ன சொல்றாங்க புள்ள, நம்ம பஸ் வருதுன்னு ஒத்துக்கிட்டாங்களா என்று கேட்டாள். எங்கள் தொழில் கடைசியில் பிழையில்லாமல் கொடுத்த ஒரே பதிலை, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்:

"ஒத்துக்கிட்டாங்கக்கா. மொதல்ல பஸ் வரலன்னு நிறுத்தம் வேணாம்னாங்க. இப்ப பஸ் வருதாம், அதனால வேணாமாம்."